கணக்குப் பத்திரிகையின் முத்திரை

கணித ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தால் நமக்கென்ன, வராவிட்டால் நமக்கென்ன என்று மில் தொழிலாளி கேட்கலாம். திண்டிவனம் பக்கத்தில் மணிலாக் கொல்லையில் களை வெட்டும் பெண்ணும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மில் தொழிலாளியின் பஞ்சப்படி ஒரு கணக்கு. ரேஷன் கார்டு யாருக்கு என்பது ஒரு கணக்கு. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வரப்பின் மேல் நின்று பேசுகிறவர்களும் ஏதோ ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆகவே, சமூகத்தைப் பற்றிய வாதங்களைக் கணிதப் பத்திரிகைகள் வெளியிடலாமா கூடாதா என்று படித்தவர்கள் நடத்தும் சர்ச்சையை நாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதற்கில்லை.

சர்ச்சை கிளம்பியது அமெரிக்காவில். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர் தியோடர் ஹில் என்பவர், செர்கேய் தபாச்னிகோவ் என்ற இன்னொரு கணிதப் பேராசிரியரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ‘மாத்தமேட்டிகல் இன்டெலிஜென்சர்’ என்ற பத்திரிகை 2017-ல் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு வேண்டாம் என்று கைவிட்டது. தபாச்னிகோவ் தம் பெயரை எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் ‘நியூயார்க் ஜர்னல் ஆப் மாத்தமேட்டிக்ஸ்’ அதை வெளியிட்டது. மூன்றே நாள். கட்டுரை இருந்த இடத்தில் வேறொரு கட்டுரை உட்கார்ந்திருந்தது. ‘நீக்கிவிட்டோம், காரணம் இது’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. 2018 செப்டம்பரில் ஹில் இந்தக் கதையைப் பகிரங்கப்படுத்தினார். உலகமெங்கும் கூச்சல் எழுந்தது. ‘கருத்துச் சுதந்திரம் செத்துவிட்டது’ என்றார்கள் ஒரு பக்கத்தார். ‘தரமில்லாத கட்டுரை, பத்திரிகையின் வழக்கமான முறைக்கு வெளியே புகுத்தப்பட்டது’ என்றார்கள் மறுபக்கத்தார்.

கட்டுரை என்னதான் சொன்னது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பக்கமும் சேர முடியாது.

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு இரண்டு மூட்டை மல்லாட்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு கொட்டையின் சராசரி எடை ஒன்றே. ஆனால் முதல் மூட்டையில் எல்லாக் கொட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டாவது மூட்டையில் பெரிய கொட்டைகளும் உண்டு, சொத்தையும் சூம்பலும் உண்டு. சராசரி ஒன்றுதான், விரிவு வேறு. ஆண்கள் இரண்டாவது மூட்டையைப் போல, பெண்கள் முதல் மூட்டையைப் போல என்பது 19-ம் நூற்றாண்டிலிருந்து சொல்லப்பட்டு வரும் ஒரு பழைய ஊகம். மேதைகளிலும் ஆண்கள் அதிகம், மந்தர்களிலும் ஆண்கள் அதிகம் என்பது அதன் பொருள். டார்வின் காலத்திலேயே இந்தப் பேச்சு இருந்தது. ஏன் அப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு கணித விளக்கம் தருவதாகச் சொன்னது ஹில்லின் கட்டுரை. ஓர் உயிரினத்தில் ஒரு பால் துணையைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருந்து, மறுபாலில் மேல்பாதிக்கும் குறைவானவர்களை மட்டுமே ஏற்கிறது என்று வைத்துக்கொள். அப்போது அதிக விரிவு உள்ள கூட்டத்துக்கே சந்ததி பெருகும்: இதுதான் அதன் சாரம்.

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. மேலே உள்ள கொஞ்சம் பேரைத்தான் எடுப்பேன் என்று முதலிலேயே விதி போட்டுவிட்டால், மேலும் கீழும் பரந்து கிடக்கும் கூட்டத்திலிருந்துதான் அதிகம் பேர் தேறுவார்கள். இதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. பெரிய கொட்டைக்கு மட்டுமே விலை என்று சொல்லும் வியாபாரி எந்த மூட்டையைப் பிரிப்பான் என்பது மூட்டை தூக்கும் தொழிலாளிக்கே தெரியும். ஆனால் உண்மையில் உயிர்கள் அப்படித்தான் துணை தேடுகின்றனவா? ‘தகுதி’ என்பதை ஒரே ஓர் எண்ணாக எழுதிவிட முடியுமா? புகழ்பெற்ற கணித அறிஞர் திமத்தி கவர்ஸ் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த இடத்தில்தான் கை வைத்தார். அனுமானங்கள் நிஜத்தோடு ஒட்டவில்லை என்றார். கட்டுரை எல்லாப் பிராணிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டதுதான், மனிதர்களைப் பற்றி மட்டும் அல்ல. அதை ஒப்புக்கொள்வோம். ஆனாலும் சண்டை மனிதர்களைப் பற்றியே நடந்தது. பெண்ணே மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறாள் என்ற அனுமானத்தைத் திண்டிவனம் தாலுகாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஜாதகக்காரரும் தரகரும் மாமன்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

2005 ஜனவரியில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் ஒரு கூட்டத்தில் பேசினார். விஞ்ஞானத்தின் உயர்ந்த பதவிகளில் பெண்கள் ஏன் குறைவு என்பதற்கு இதே ‘விரிவு’ ஊகத்தை அவர் ஒரு காரணமாகச் சொன்னார். வேலை கொடுக்கும் அதிகாரம் படைத்தவரின் வாயிலிருந்து வந்த பேச்சு அது. பெண்களுக்கு இடம் இல்லாமல் போனது இயற்கையின் காரியம் என்றால், இடம் கொடுக்காதவனுக்குப் பொறுப்பில்லை அல்லவா? நாற்று நடுவதற்குப் பெண், ஆனால் கூலியில் குறைவு என்ற நம் ஊர்ப் பேச்சும் இதே குடும்பம்தான். சம ஊதியச் சட்டம் 1976-ல் வந்துவிட்டது. ‘பொம்பளை வேலைக்கு இவ்வளவுதான்’ என்ற பேச்சு வரப்பை விட்டு இறங்கவில்லை.

இந்த ஊகத்தைச் சோதிக்க ஒருவரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1914-லேயே லீட்டா ஹாலிங்வொர்த் என்ற பெண் மனநூல் ஆராய்ச்சியாளரும் ஹெலன் மாண்டேக் என்ற பெண் மருத்துவரும் நியூயார்க்கில் ஒரு காரியம் செய்தார்கள். அப்போதுதான் பிறந்த குழந்தைகள், ஆண் 1,000, பெண் 1,000. எடை, உயரம், தலைச் சுற்றளவு என்று அளந்து பதிவான கணக்குகளை எடுத்துக்கொண்டார்கள். சமூகம் இன்னும் கை வைக்காத பச்சைக் குழந்தைகளில் ஆணின் விரிவு அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. ஊகத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளிப் பரிட்சைகளைப் பற்றிப் பல ஆய்வுகள் வந்தன. பல இடங்களில் பையன்களின் மதிப்பெண் கொஞ்சம் அதிகமாக விரிந்திருப்பது உண்மை. ஆனால் அந்த விரிவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நாடுகளில் இல்லவே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் மாறிவிடும் ஒன்றை இயற்கையின் சட்டம் என்று எப்படிச் சொல்வது? கணிதத்தின் பெரிய பரிசாகிய பீல்ட்ஸ் பதக்கம் 1936-ல் தொடங்கியது. 2014 வரையில் ஒரு பெண்ணுக்கும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு ஈரானைச் சேர்ந்த மரியம் மிர்சாக்கானி வாங்கினார். 2022-ல் உக்ரேனைச் சேர்ந்த மரினா வியாசோவ்ஸ்கா வாங்கினார். 78 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு திறந்த எட்டே ஆண்டுகளில் இரண்டாமவரும் உள்ளே வந்துவிட்டார்.

அப்படியானால் மூன்று நாளில் கட்டுரையைத் தூக்கியது சரி என்கிறோமா? இல்லை. இதில் நாம் இரண்டு பக்கத்தாரோடும் மாறுபடுகிறோம். பலவீனமான கட்டுரையை ஏற்காமல் இருக்கப் பத்திரிகைக்குப் பூரண உரிமை உண்டு. ஏற்று, அச்சேற்றி, பிறகு சத்தமில்லாமல் மறைக்க உரிமை கிடையாது. தவறு என்றால் தவறு என்று அதே பக்கத்தில் எழுத வேண்டும். மறைத்ததால் யாருக்கு லாபம்? கட்டுரையைப் படிக்காத லட்சம் பேர் ‘ஏதோ பெரிய உண்மையை ஒளிக்கிறார்கள்’ என்று நம்பினார்கள். ஹில் தியாகியானார். கவர்ஸைப் போன்றவர்கள் நிதானமாக எழுதிய மறுப்புதான் ஊகத்தின் பலவீனத்தை வெளியே கொண்டு வந்தது. நீக்கம் அதைச் செய்யவில்லை.

இது வெள்ளைக்காரன் ஊர் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் இந்தக் கதை இதைவிடப் பழையது, இதைவிடக் கொடியது.

ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி வங்காளத்தின் ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1891-ல் பெரிய புத்தகங்கள் போட்டார். 1901 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் தலைவரும் அவரே. மனிதர்களின் மூக்கை அளந்தார். மூக்கு அகலமானால் ஜாதி தாழ்வு, மூக்கு எடுப்பானால் ஜாதி உயர்வு. சமூக அந்தஸ்து மூக்கின் அளவுப்படியே அமைந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். உழுகிறவன் எப்படித் தாழ்ந்தான், நிலம் எப்படி அவன் கையில் இல்லாமல் போனது என்ற கேள்விக்கெல்லாம் பதில் மூக்கில் இருக்கிறது! தசமப் புள்ளியோடு பட்டியல் போட்டு அச்சிட்டதால், சர்க்கார் காரியாலயங்களில் இது விஞ்ஞானமாக நடமாடியது.

கல்கத்தாவில் பிரசந்த சந்திர மகாலனோபிஸ் என்ற பௌதிகப் பேராசிரியர் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1933-ல் ‘சங்க்யா’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சங்க்யா என்றால் எண். அந்தப் பத்திரிகையின் முதல் தொகுதியிலேயே, ரிஸ்லியின் வங்காள அளவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, அவற்றிலிருந்த பிழைகளைக் கண்டு திருத்தி அவரே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ‘இது ஜாதி விஷயம், கணக்குப் பத்திரிகைக்கு என்ன வேலை’ என்று அவர் விட்டிருந்தால் அந்தப் பிழைகள் விஞ்ஞானமாகவே நீடித்திருக்கும். சமூக வாதம் கணக்குப் பத்திரிகைக்குள் வரலாமா என்று இன்று கேட்கிறவர்கள் சங்க்யாவின் முதல் தொகுதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மகாலனோபிஸைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கவும் நாம் தயாரில்லை. அளவில் பிழை கண்டாரே தவிர, மனிதர்களை ஜாதிவாரியாக நிறுத்தி அளக்கும் வேலையையே அவர் கைவிடவில்லை. ஐக்கிய மாகாணத்தில் 1941-ல் எடுத்த உடல் அளவுகளை அவரும் மஜும்தாரும் ராவும் சேர்ந்து 1949-ல் அதே சங்க்யாவில் விரிவாக வெளியிட்டார்கள். அடியோடு முடிச்சை அவிழ்த்தவர் அம்பேத்கர். 1948-ல் வெளிவந்த தீண்டாதார் பற்றிய தமது நூலில் இந்த மூக்கு அளவுகளையே எடுத்துக்கொண்டார். அளவுகளை நம்புவதானால் பிராமணரும் தீண்டாதாரும் ஒரே இனம் என்றுதான் முடிவுக்கு வர வேண்டும் என்று காட்டினார். எதிரியின் மரக்காலாலேயே எதிரியின் நெல்லை அளந்து காட்டிய வாதம் அது.

பிறவியில் தாழ்வு என்ற எண்ணம் புத்தகத்தோடு நின்றுவிடும் சரக்கல்ல. 1978 ஜூலையில் இதே விழுப்புரம் நகரில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 2023 ஜூனில் விழுப்புரத்துக்கு அருகே மேல்பாதியில், யார் உள்ளே போகலாம் என்ற தகராறில் திரௌபதி அம்மன் கோவிலுக்கே அதிகாரிகள் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். அங்கே தடுத்து நின்றவர்கள் யாரும் ரிஸ்லியைப் படித்தவர்கள் அல்ல. படிக்க அவசியமும் இல்லை. ஆனால் அந்த எண்ணத்துக்கு விஞ்ஞான வேஷம் போட்டுக் கொடுத்தவர்களின் கணக்கை நாம் மறந்துவிட முடியாது.

சங்க்யாவைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். விவசாயத் தொழிலாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் 1945-ல் சொன்ன கணக்கு 15 லட்சம் சாவு. பிற்பாடு அமர்த்தியா சென் போட்ட கணக்கில் அது 30 லட்சத்தை நெருங்குகிறது. பஞ்சத்துக்கு அடுத்த காலத்தில் புள்ளியியல் கழகத்தார் ஏறத்தாழ 400 கிராமங்களில், 15,000-க்கு மேற்பட்ட குடும்பங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை விற்றார்கள், யார் பிச்சைக்காரரானார்கள் என்று தொழில்வாரியாக எழுதினார்கள். மகாலனோபிஸ், ராமகிருஷ்ண முகர்ஜி, அம்பிகா கோஷ் ஆகிய மூவர் பெயரில் 1946-ல் சங்க்யாவில் அது வெளியாயிற்று.

அந்தப் பட்டியலைப் படித்தால் பஞ்சம் எல்லாரையும் ஒன்றாகத் தின்னவில்லை என்பது தெரியும். மீன்பிடிப்பவரும், வண்டியோட்டிகளும், கூலிக்கு உழுபவரும்தான் அதிகமாகச் சீரழிந்தார்கள். சொந்த நிலத்தில் விளைத்தவரும் குத்தகைக்காரரும் அவ்வளவு அழியவில்லை. அவர்கள் கையில் தானியம் இருந்தது. கூலிக்காரன் கையில் காசு இருந்தது. காசின் மதிப்பு அரிசி விலையின் முன்னே கரைந்து போனது. சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பட்டியல்களைத்தான் ஆதாரமாக எடுத்தார். 1943-ல் வங்காளத்தில் இருந்த மொத்தத் தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட அது அதிகம் என்று அவர் காட்டினார். அரிசி இல்லாததால் செத்தார்கள் என்ற பொய் அதோடு தொலைந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ‘இது அரசியல், சமூகம், சூத்திரம் எதுவும் இல்லை, எங்கள் பத்திரிகைக்குப் பொருந்தாது’ என்று திருப்பி அனுப்பியிருந்தால், செத்த கூலிக்காரனின் கணக்கும் அவனோடு புதைந்திருக்கும்.

ஆகவே கதவை மூடு என்று சொல்கிறவர்களோடு நாம் சேர மாட்டோம். மூடினால் முதலில் வெளியே நிற்கப் போகிறவன் யார் என்று நமக்குத் தெரியும். கணிதப் பத்திரிகையின் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்டவர் அவர்தான். 1910-ல் பட்டம் இல்லாத, வேலை இல்லாத ஓர் இளைஞன் விழுப்புரத்தில் ரயில் மாறித் திருக்கோவிலூர் போய் அவரைப் பார்த்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்பதுதான் அவன் கேட்டது. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயர், இப்படிப்பட்டவனைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைத்து வீணாக்க மனம் வராமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். 1911-ல் அந்தக் கழகத்தின் பத்திரிகையில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. ஆனாலும் வயிறு இருக்கிறதே, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகத்தான் போய்ச் சேர்ந்தார். பட்டம் இருக்கிறதா என்று அந்தப் பத்திரிகை கேட்கவில்லை. சூத்திரத்தைச் சோதித்துப் பார்த்தால் போதும், எழுதியவன் யாராக இருந்தால் என்ன?

சமூகத்தைப் பற்றிய வாதத்துக்கு இந்தச் சோதனை போதாது. சிக்கல் அங்கேதான். ஸ்பின்னிங் மில்லில் நூலின் நம்பரைச் சோதிக்கிறவர் இருக்கிறார். இது 40-ம் நம்பர், இது 60-ம் நம்பர் என்று அவர் சொன்னால் சரி. ஆனால் சாயம் போகுமா போகாதா என்பதற்கு அவர் சாட்சி சொல்ல முடியுமா? கணிதப் பத்திரிகையின் பரிசோதகர் சமன்பாடு சரியா என்று பார்ப்பார். அதற்கு முதல் வரியில் ‘மக்கள் இப்படி நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்’ என்று எழுதியிருக்கிறதே, அது நிஜமா என்று பார்ப்பவர் அந்த மேஜையில் இல்லை. கட்டுரை வெளியே வரும்போது மட்டும் நம்பருக்கும் சாயத்துக்கும் சேர்த்து ஒரே முத்திரை விழுந்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. தாமோதர் தர்மானந்த் கோசாம்பி பெரிய கணித அறிஞர். இந்திய வரலாற்றை மார்க்ஸிய முறையில் ஆராய்ந்த முன்னோடி. பழைய வெள்ளி நாணயங்களை ஒவ்வொன்றாக எடை போட்டு, தேய்மானத்தைக் கொண்டு அவை எவ்வளவு காலம் கைமாறின என்று கணக்கிட்டவர். சமூக ஆராய்ச்சியில் கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் சொல்வது கடினம். அதே கோசாம்பி, கணிதத்தின் மிகப் பெரிய தீராத புதிர்களில் ஒன்றான ரீமான் கருதுகோளுக்கு விடை கண்டுவிட்டதாக 1959-ல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே வெளியிட்டார்? இந்திய விவசாயப் புள்ளியியல் சங்கத்தின் பத்திரிகையில். அந்தப் புதிரை அறிந்தவர்கள் அதைப் படிப்பவர்கள் அல்ல. தடுத்துக் கேட்க ஆள் இல்லை. விடை தவறாக இருந்தது. அவர் பெயருக்குப் பெரிய பங்கம் வந்தது. கோசாம்பி நம்முடைய மரியாதைக்குரியவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. ஹில்லுக்குப் போட்ட தராசில்தான் இவரையும் நிறுத்த வேண்டும். சரக்கைச் சோதிக்கத் தெரிந்தவர் இல்லாத கடையில் சரக்கை இறக்கக்கூடாது.

சூத்திரத்தை வேஷமாகப் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சம்பவம். அமெரிக்காவின் சாமுவேல் ஹன்டிங்டன் என்ற அரசியல் பேராசிரியர் 1968-ல் ஒரு புத்தகம் எழுதினார். வியட்நாம் போரில், கிராமத்து மக்கள் லட்சக்கணக்கில் நகரங்களுக்குப் பெயர்க்கப்படுவது விடுதலைப் போருக்கு எதிராக அமெரிக்காவுக்குச் சாதகமாகும் என்று அதே ஆண்டில் எழுதியவர் இவர். அந்தப் புத்தகத்தில், சமூக அசைவை பொருளாதார வளர்ச்சியால் வகுத்தால் வருவது சமூக விரக்தி என்பது போல மூன்று சமன்பாடுகள். எதை எதால் வகுப்பது? விரக்தியை எந்தப் படியால் அளப்பது? இப்படிப்பட்ட கணக்கில் தென்னாப்பிரிக்கா ‘திருப்தியடைந்த’ சமுதாயங்களின் வரிசையில் வந்து சேர்ந்தது! 1960-ல் ஷார்ப்வில்லில் கறுப்பின மக்களைச் சுட்டுத் தள்ளிய, பாஸ் புத்தகம் இல்லாமல் அவர்கள் தெருவில் நடக்க முடியாத அதே தென்னாப்பிரிக்கா.

இதைத் தட்டிக் கேட்டவர்கள் கணிதக்காரர்களே. நீல் கோப்லிட்ஸ் 1981-ல், கணிதத்தைப் பிரசாரக் கருவியாக்குகிறார்கள் என்று எழுதினார். சர்ஜ் லாங் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தில் ஹன்டிங்டனுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று போராடினார். 1986-லும் 1987-லும் இரண்டு முறையும் ஹன்டிங்டன் தோற்றார். 1988-ல் கோப்லிட்ஸின் வாதமும், ஹன்டிங்டனுக்காகப் பேசிய ஹெர்பர்ட் சைமனின் பதிலும் ஒரே பத்திரிகையில், ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. எந்தப் பத்திரிகை? பின்னாளில் ஹில்லின் கட்டுரையை ஏற்றுவிட்டுக் கைவிட்ட அதே ‘மாத்தமேட்டிகல் இன்டெலிஜென்சர்’. 1988-ல் அந்தப் பத்திரிகைக்குத் தெரிந்த வழி 2017-ல் மறந்துபோனது விசித்திரம்தான்.

கணக்கைக் கேள்வி கேட்கக் கணிதப் பட்டம்தான் வேண்டும் என்பதும் இல்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்துத்தான் பஞ்சப்படி. 1963-ல் அந்த எண் நிஜ விலை ஏற்றத்தைக் காட்டவில்லை என்று தொழிலாளர்கள் கிளம்பினார்கள். பழைய தொடரைப் புதிய தொடரோடு இணைத்த கணக்கில் ஏமாற்று இருக்கிறது என்றார்கள். நிபுணர்கள் சிரித்தார்கள், இது சிக்கலான புள்ளியியல், ரிங் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? தொழிலாளிக்குத் துவரம் பருப்பின் விலை தெரியும். பம்பாய் நகரமே ஆகஸ்டில் வேலையை நிறுத்தியது. லக்டாவாலா தலைமையில் நிபுணர் கமிட்டி போட்டார்கள். கணக்கைத் திருத்த வேண்டியதுதான் என்று கமிட்டியே சொல்ல வேண்டி வந்தது, பஞ்சப்படி உயர்ந்தது.

இப்போது நம் டில்லி சர்க்காரைப் பார்ப்போம். மகாலனோபிஸ் தூண்டுதலில் 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, 2017-18-ல் மக்கள் மாதம் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டது. 2019 நவம்பரில் ஒரு பத்திரிகைக்கு அதன் முடிவு கசிந்தது. விலை ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஒரு நபரின் மாதச் செலவு 2011-12-ல் 1,501 ரூபாயாக இருந்தது 1,446 ரூபாயாக இறங்கியிருந்தது. கிராமங்களில் இறக்கம் இன்னும் மோசம். சர்க்கார் என்ன செய்தது? தரம் சரியில்லை என்று சொல்லி அறிக்கையையே வெளியிடாமல் நிறுத்திவிட்டது. நியூயார்க் பத்திரிகையாவது மூன்று நாள் வெளியே வைத்திருந்தது! அதே 2019 ஜனவரியில், வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிடாமல் வைத்திருந்ததைக் கண்டு, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் பதவியை விட்டு விலகினார்கள். பிறகு அந்த அறிக்கை வெளிவந்தபோது அதில் இருந்த எண் 6.1 சதவீதம். ஹில்லுக்காகக் கருத்துச் சுதந்திரக் கண்ணீர் வடித்த நம் ஊர் ஆங்கிலம் படித்த கனவான்களில் எத்தனை பேர் 1,446 ரூபாய்க்காக ஒரு சொட்டு விட்டார்கள்?

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று நாம் விதைக்கும் மணிலா ரகங்களின் பெயரில் முதல் எழுத்து திண்டிவனத்துக்கே உரியது. ஒரு புதிய ரகம் நல்லதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? கிணற்றுப் பாசனமுள்ள கரிசலில் புதியதை விதைத்து, மானாவாரி மேட்டில் பழையதை விதைத்து, ‘புதியது உயர்ந்த பிறவி’ என்று எழுதினால் அங்கே களை எடுக்கும் பெண்ணே கேட்டுவிடுவாள். பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கிப் போட்டு, ஒரே உரம், ஒரே தண்ணீர் விட்டு, அப்புறம்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள். செடிக்குக் கொடுக்கும் இந்த நியாயத்தைத்தான் மனிதரைப் பற்றி எழுதும்போதும் கேட்கிறோம். மேட்டில் முளைத்தவரையும் பள்ளத்தில் முளைத்தவரையும் பக்கத்தில் வைத்து விரிவு பேசுகிறவர், முதலில் பாத்தியின் கணக்கைக் காட்டட்டும்.

கணிதப் பத்திரிகைகள் சமூகத்தைப் பற்றிய கட்டுரையை வெளியிடட்டும். சமன்பாட்டை ஒரு கணிதக்காரரும், அதன் முதல் வரி அனுமானத்தை அந்தத் துறையில் அளந்து பார்த்த ஒருவரும் பரிசோதிக்கட்டும். அளவுகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்து அச்சிடட்டும். மறுப்பு வந்தால் 1988-ல் போட்டது போல அதே இதழில் பக்கத்திலேயே போடட்டும். நீக்கினால் காரணத்தை நீக்கிய இடத்திலேயே எழுதட்டும். இதே நாலு விதியையும் டில்லியில் மேற்படி 2017-18 அறிக்கையைப் பூட்டி வைத்தவர்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். 2022-23-க்குப் புதிய ஆய்வு எடுத்து 2024-ல் வெளியிட்டுவிட்டோம் என்பது பழையதற்குப் பதிலாகாது.